துண்டிணைக் கடைசல்: வீட்டுப் பட்டறைக்கு வேண்டிய கருவிகளும் அவற்றின் சொற்களும்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் துண்டிணைக் கடைசல். சிறு மரத்துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவ்வடுக்கைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி, உளியால் கிண்ணமாகவோ குவளையாகவோ வடிக்கும் கலையை இப்பெயரால் குறிக்கிறோம். ஒரே கட்டையைக் குடைந்து கலம் செய்வது பழைய முறை. அதற்குப் பருத்த கட்டை வேண்டும். துண்டிணைக் கடைசலுக்கோ தச்சர் கழித்துப்போட்ட கீற்றுகளே போதும். ஆகவே, அடுக்குமாடி வீட்டில் வாழ்வோருக்கும், தரைவீட்டில் கார் நிறுத்துமிடத்தையே பட்டறையாக்கிக் கொண்டோருக்கும் ஏற்ற கலை இது.

மொழிக்கென அமைந்த ஒரு மேடையில் இரம்பத்தையும் உளியையும் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் எழலாம். இக்கலைக்கு எக்கருவிகள் வேண்டும், அவற்றை எவ்வரிசையில் வாங்க வேண்டும் என்பது ஒரு வினா. அவற்றைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் உண்மையில் ஒரே வினாதான் என்பதே நம் கருத்து. ஒரு தொழிலின் கருவிகள் கையில் இருக்கும் வரையில்தான் அத்தொழிலின் சொற்கள் நாவில் இருக்கும். இதற்கு நம் நாட்டுத் தோட்டப்புற வாழ்க்கையே சான்று. அதனைப் பின்னர்க் காண்போம். முதலில் தொழிலுக்குரிய வினைச்சொல்லிலிருந்து தொடங்குவோம்.

கடைதல் என்னும் வினை

மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரமும் கடைகிறோம். மூன்றுக்கும் தமிழில் ஒரே வினைதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் இச்சொல்லுக்கு மத்தால் கலக்குதல், மரம் முதலியவற்றைக் கடைசல் பிடித்தல் ஆகிய பொருள்களைத் தருகிறது.

இப்பொருள்கள் ஒரு சொல்லில் அடங்கியதற்குக் காரணம் தேடினால், கருவியிடமே வந்து சேர்கிறோம். பெரிய பானையில் தயிர் கடைவோர் மத்தில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறிமாறி இழுப்பர். மத்து ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகச் சுழலும். பழைய மரக் கடைசலும் அவ்வாறே நிகழ்ந்தது. கட்டையை இரு முனைகளுக்கிடையே நிறுத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, மற்றவர் உளியைப் பிடிப்பார். கட்டை தம்மை நோக்கிச் சுழலும்போது உளி வெட்டும். எதிர்ப்புறம் சுழலும்போது காத்திருக்கும். மந்தர மலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கித் தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்த கதையிலும் நாம் காண்பது இந்தக் கயிற்றுப் பொறியைத்தான். இன்று கயிற்றின் இடத்தில் மின்விசை வந்துவிட்டது. வினைச்சொல் மாறவில்லை.

அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களைக் கையில் எடுத்து விளையாடிய தலைமுறையினர் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அவை கடைசல் பிடித்தவையே. ஆகவே, நாம் பேசப்போகும் கலையின் அடிப்படைச் சொல்லைப் புதிதாக ஆக்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. புதியது 'துண்டிணை' என்னும் முன்னொட்டு மட்டுமே.

கருவிக்கு முன் கணக்கு

இக்கலைக்கு முதலில் வாங்கவேண்டியது கடைசல் எந்திரம் என்றே பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. துண்டிணைக் கடைசலின் வெற்றியும் தோல்வியும் எந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

ஒரு வளையத்தை 12 துண்டுகளால் அமைப்பதாகக் கொள்வோம். முழு வட்டம் 360 பாகை. ஒரு துண்டின் பங்கு 30 பாகை. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சாய்ந்த முகங்கள் உண்டு. ஆதலால் ஒவ்வொரு முகத்தையும் 15 பாகைச் சாய்வில் அறுக்க வேண்டும். எத்தனை துண்டுகளாயினும் 180-ஐத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அறுக்கவேண்டிய சாய்வு கிடைக்கும். எட்டுத் துண்டுகளுக்கு 22.5 பாகை, பதினெட்டுத் துண்டுகளுக்கு 10 பாகை.

200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்கு, 12 துண்டுகளில் ஒவ்வொன்றின் வெளிப்பக்க நீளமும் ஏறத்தாழ 53.6 மில்லிமீட்டர். கீற்றின் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால், உட்பக்க நீளம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். ஒவ்வொரு வெட்டுக்கும் கீற்றைப் புரட்டிப் புரட்டி அறுத்தால், இரம்பம் தின்னும் மரத்தையும் சேர்த்து, ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளக் கீற்றுப் போதும். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஐந்து வளையங்களை அடுக்கினால் 100 மில்லிமீட்டர் உயரக் கிண்ணம் கிடைக்கும். அதற்கு 60 துண்டுகள்; 120 வெட்டு முகங்கள்.

இனிப் பிழையின் கணக்கைப் பார்ப்போம். இரம்பத்தின் சாய்வில் 0.1 பாகை தவறியது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத பிழை அது. ஆனால் ஒரு வளையத்தில் 24 முகங்கள் இருப்பதால், அது 2.4 பாகையாகப் பெருகுகிறது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையத்தில் அப்பிழை முழுவதும் கடைசிப் பொருத்தில் வந்து சேர்ந்தால், அங்கே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வாய் பிளக்கும். எவ்வளவு விலையுயர்ந்த கடைசல் எந்திரமும் அவ்விடைவெளியை மூடித் தராது. ஆகவே, பணத்தையும் கவனத்தையும் முதலில் அறுக்கும் கருவிக்கே செலவிட வேண்டும் என்கிறோம்.

அறுக்கும் கருவிகள்

துண்டுகளை அறுக்க மூன்று வழிகள் உண்டு. இடவசதிக்கும் அக்கம்பக்கத்தார் பொறுக்கும் ஓசைக்கும் ஏற்ப அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

முதல் வழி மேசை இரம்பம். மேசையின் நடுவிலிருந்து வட்ட அலகு மேலெழும் எந்திரம் இது. இதனுடன் நாமே செய்துகொள்ளும் சறுக்குப் பலகை ஒன்று வேண்டும். ஒட்டுப்பலகையால் ஆன அப்பலகை, மேசையில் உள்ள காடியில் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். அதன்மேல் அலகின் இருபுறமும் இரண்டு சாய்ந்த தடுப்புச் சட்டங்கள் நிற்கும். கீற்றை ஒரு சட்டத்தில் அணைத்து ஒரு முகத்தையும், மற்றச் சட்டத்தில் அணைத்து அடுத்த முகத்தையும் அறுப்போம். துல்லியமாகச் செய்த 30 பாகை ஆப்பு ஒன்றை இரு சட்டங்களுக்கும் இடையே வைத்துச் சட்டங்களை இறுக்கிவிட்டால் போதும். ஒரு சட்டம் 14.9 பாகையிலும் மற்றது 15.1 பாகையிலும் நின்றாலும், இரண்டும் சேர்ந்து 30 ஆகிவிடுகின்றன. ஒரு முகத்தின் குறையை மறுமுகம் நிறைவு செய்கிறது. பிழையை அறவே நீக்க முயல்வதைவிடப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு கருவியை அமைப்பது அறிவுடைமை.

இரண்டாம் வழி சாய்வெட்டு இரம்பம். அலகு மேலிருந்து கீழிறங்கும் எந்திரம் இது. இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் இதன் கோணக்குறிகளை மட்டும் நம்பிவிடக்கூடாது. அறுத்த 12 துண்டுகளையும் பசையின்றி வட்டமாக அடுக்கி, ரப்பர் வளையம் ஒன்றால் கட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். பொருத்துகளின் வெளிப்பக்கத்தில் வெளிச்சம் தெரிந்தால் சாய்வு குறைவு. உட்பக்கத்தில் தெரிந்தால் சாய்வு மிகுதி. எங்குமே தெரியாவிட்டால் அறுப்பைத் தொடரலாம். இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு ரப்பர் வளையம்.

மூன்றாம் வழி கைக்கருவிகள். அடுக்குமாடியில் எந்திர ஓசைக்கு இடமில்லை என்போர் மனம் தளர வேண்டியதில்லை. முதுகுத்தகடு பொருத்திய நுண்பல் இரம்பம், சாய்வெட்டுப் பெட்டி, கூரிய இழைப்புளி ஆகியவை இருந்தால் போதும். துண்டைச் சற்றே நீளமாக அறுத்து, 15 பாகைச் சட்டம் பொருத்திய பலகைமேல் வைத்து, இழைப்புளியைப் பக்கவாட்டில் ஓட்டி முகத்தைச் செம்மைப்படுத்தலாம். நேரம் கூடும், தூசி குறையும். இழைத்த முகம் பசையை நன்கு ஏற்கும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவாக வேண்டுவன: எஃகு அளவுகோல், மூலைமட்டம், கோணமானி, நுண்ணளவு காட்டும் கவ்வளவி. துண்டுகள் யாவும் ஒரே நீளமாக அமைய, கீற்றின் முனை முட்டி நிற்க ஒரு தடைக்கட்டை வேண்டும். வெட்டுண்ட சிறு துண்டு அலகுக்கும் தடைக்கட்டைக்கும் இடையே சிக்கினால் அம்பெனப் பறந்து வரும். எனவே, அறுக்கும் நேரத்தில் துண்டின் முனை தடைக்கட்டையைத் தொடாதவாறு அதனை அமைக்க வேண்டும். அலகு முற்றும் நின்ற பிறகே துண்டை எடுக்க வேண்டும். அப்போதும் விரலால் எடுக்காமல் குச்சியால் தள்ளுவது நன்று.

ஒட்டும் கருவிகள்

ஒட்டுவதற்குத் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையோ மஞ்சள் பசையோ போதும். முற்காலத் தச்சர் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைப் பயன்படுத்தினர். அச்சொல் இன்றும் சில பட்டறைகளில் வழங்குகிறது. துண்டுகளின் வெட்டு முகத்தில் மரத்தின் நுண்குழல்கள் திறந்திருப்பதால் அவை பசையை உறிஞ்சிக்கொள்ளும். எனவே மெல்லிய பூச்சு ஒன்றை முதலில் தந்து, சிறிது பொறுத்து, மீண்டும் பூசிப் பொருத்த வேண்டும்.

வளையத்தை இறுக்குவதற்குச் சிறப்புக் கவ்வி தேவையில்லை. நீர்க்குழாய்களை இறுக்கப் பயன்படும் பட்டைக் கவ்விகளை வன்பொருள் கடையில் வாங்கலாம். இரண்டை ஒன்றோடொன்று கோத்தால் பெரிய வளையத்துக்கும் போதும். பசையில் ஒட்டாதிருக்கத் தட்டையான பலகையின்மேல் மெழுகுத்தாள் விரித்து, அதன்மேல் வைத்து இறுக்குக.

தொடக்கநிலையினர் 12 துண்டுகளையும் ஒரே நேரத்தில் ஒட்டாமல், ஆறாறாக இரண்டு அரைவளையங்களாக ஒட்டுவது நன்று. இரு பாதிகளும் சந்திக்கும் இரண்டு இடங்களில் பசையிடாமல், மெல்லிய உருளைக்குச்சி ஒவ்வொன்றை வைத்து இறுக்க வேண்டும். பசை காய்ந்தபின் ஒவ்வொரு பாதியின் இரு முனைகளையும், சமமான பலகையில் ஒட்டிய உப்புத்தாளின்மேல் ஒருசேரத் தேய்த்துச் சமப்படுத்தினால், மீந்திருந்த கோணப் பிழை முழுவதும் அவ்விரு பொருத்துகளில் தீர்ந்துவிடும். பிறகு இரு பாதிகளையும் ஒட்டினால் வளையம் நிறைவாகும்.

வளையத்தின் மேல்முகமும் கீழ்முகமும் சமமாக இருந்தால்தான் அடுத்த வளையம் அதன்மேல் பொருந்தும். அதற்கும் உப்புத்தாள் ஒட்டிய அகலப் பலகையே கருவி. அடுக்கும்போது மேல் வளையத்தின் பொருத்து கீழ்த்துண்டின் நடுவில் அமையுமாறு, கொத்தனார் செங்கல் அடுக்குவதைப்போல் மாற்றி வைக்க வேண்டும். பொருத்தின்மேல் பொருத்து நின்றால் சுவரும் பிளக்கும், கிண்ணமும் பிளக்கும். இறுதி அடுக்கை ஒட்டியபின் ஒருநாள் முழுதும் காயவிட்டே எந்திரத்தில் ஏற்ற வேண்டும்.

கடையும் கருவிகள்

இப்போதுதான் கடைசல் எந்திரத்துக்கு வருகிறோம். வீட்டுக்கு மேசைமேல் வைக்கும் சிறிய எந்திரமே போதும். அதன் படுகைக்கு மேல் 250 முதல் 300 மில்லிமீட்டர் விட்டம் வரை சுழற்ற இடம் இருக்க வேண்டும். சுழல்வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருக்க வேண்டும். எடை மிக்க எந்திரம் அதிராது. அதிராத எந்திரத்தில்தான் உளி அமைதியாக வெட்டும். கலத்தைப் பிடிக்க முகத்தட்டு ஒன்றும், நான்கு தாடைகள் கொண்ட 'சக்' ஒன்றும் வேண்டும்.

உளிகளில் நான்கு போதும். குழிந்த வாயுடைய கிண்ண உளி ஒன்று. முனை வளைந்த சுரண்டுளி ஒன்று. தட்டை முனைச் சுரண்டுளி ஒன்று. கலத்தை அடிக்கட்டையிலிருந்து பிரித்தெடுக்கும் ஒல்லியான பிரிப்புளி ஒன்று. தூண், கட்டில்கால் போன்ற நீளக் கட்டைகளை உருட்டுவதற்கென்று அமைந்த அகன்ற உளியைக் கிண்ணத்தில் பயன்படுத்தக் கூடாது. அதன் பிடிப்பக்கம் மெலிந்தது. கிண்ணத்தின் விளிம்பில் சிக்கினால் முறிந்துவிடும். உளிகள் அதிவேக எஃகால் ஆனவையாக இருப்பது நன்று. சாணையில் சூடேறினாலும் அவ்வெஃகு கூர்மையை எளிதில் இழப்பதில்லை.

சாணையையும் தனிக் கருவியாக எண்ணி வாங்க வேண்டும். மழுங்கிய உளி மரத்தை வெட்டாது; பிய்க்கும். உளி பிய்க்கும்போது கை அழுத்துகிறது. கை அழுத்தும்போது உளி சிக்குகிறது. பட்டறையில் நேரும் விபத்துகள் பலவற்றின் தொடக்கம் மழுங்கிய உளிதான்.

இவ்விடத்தில் துண்டிணைக் கடைசலுக்குரிய ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். ஒரே கட்டையில் கிண்ணம் கடையும்போது, ஒவ்வொரு சுற்றிலும் உளி இருமுறை மரநாரின் வெட்டுமுனையைச் சந்திக்கும். அங்கே மரம் பிய்ந்து சொரசொரப்பாகும். துண்டிணை வளையத்திலோ நார் வட்டத்தைச் சுற்றியே ஓடுகிறது. ஆதலால் உளி எங்கும் ஒரே தன்மையுள்ள மரத்தையே வெட்டுகிறது. அறுப்பதிலும் ஒட்டுவதிலும் நாம் பட்ட பாட்டுக்கு மரம் தரும் ஈடு அது.

கண்ணும் மூச்சும்

250 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு 13 மீட்டர் விரைகிறது. மணிக்கு 47 கிலோமீட்டர் என்று சொன்னால் அதன் வலிமை விளங்கும். ஒட்டிய பொருத்து ஒன்று விட்டுப்போனால் துண்டு அவ்வேகத்திலேயே முகத்தை நோக்கி வரும். எனவே, முகமூடிக் கவசம் இல்லாமல் எந்திரத்தை ஓட்டக் கூடாது. கலத்தின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து சுழல்வேகத்தால் பெருக்கினால், அது 6000-க்கும் 9000-க்கும் இடையே நிற்க வேண்டும் என்பது கடைசல்காரர் பலர் பின்பற்றும் விதி. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று. புதிதாக ஒட்டிய கலத்தை அதனினும் மெதுவாகத் தொடங்குவது நன்று.

துண்டு பறப்பது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. தூசி கண்ணுக்குத் தெரியாத தீங்கு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டில் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. இழைக்கும் சீவலைவிட உப்புத்தாள் எழுப்பும் நுண்தூசியே கொடியது. சிறுவர் படுத்துறங்கும் வீட்டுக்குள் அது பரவக் கூடாது. ஆகவே, நன்கு பொருந்தும் மூச்சுக்கவசமும் தூசியை உறிஞ்சும் எந்திரமும் கருவிப் பட்டியலின் இறுதியில் நிற்கும் கூடுதல் பொருள்கள் அல்ல. இரம்பம் வாங்கும் நாளிலேயே அவற்றையும் வாங்க வேண்டும். அதற்குப் பணம் போதாதெனில் இரம்பம் காத்திருக்கட்டும்.

மரமும் ஈரமும்

கருவிகள் ஒழுங்காக அமைந்தபின் மரத்தைப் பார்க்க வேண்டும். மரம் அறுபட்ட பிறகும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். நார் ஓடும் நீளவாக்கில் அம்மாற்றம் மிகச் சிறிது. நாருக்குக் குறுக்கே அது பன்மடங்கு பெரிது.

நம் நாடுகளில் இதன் விளைவு தனித்தன்மை உடையது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் திறந்த கூடத்தில் வைத்த மரம் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரைத் தன்னுள் வைத்திருக்கும். அதே மரத்தால் செய்த கிண்ணத்தைக் குளிர்சாதன அறையில் வைத்தால், நீரளவு 10 அல்லது 11 விழுக்காட்டுக்கு இறங்கும். அப்போது மரம் சுருங்குகிறது. வளையத்தில் நார் வட்டத்தைச் சுற்றி ஓடுவதால் அதன் விட்டம் அதிகம் மாறாது. ஆனால் கிண்ணத்தின் அடியில் ஒரே பலகையால் ஆன அகன்ற வட்டத்தட்டை ஒட்டியிருந்தால், அத்தட்டு ஒரு திசையில் சுருங்க, வளையம் சுருங்க மறுக்கும். முடிவில் இரண்டில் ஒன்று பிளக்கும். ஆகவே, அடித்தட்டைச் சிறிதாக அமைக்க வேண்டும். அல்லது வளையத்தின் உட்புறக் காடியில் ஒட்டாமல் அமரவிட வேண்டும். வீட்டிலே நாம் கலத்தை வைக்கப்போகும் அறையிலேயே மரக்கீற்றுகளைச் சில கிழமைகள் வைத்திருந்து, பிறகு அறுப்பதும் நல்வழி.

எம்மரம் நல்லது என்று கேட்போர் உண்டு. கருஞ்சிவப்புக்கு மெர்பாவ், இளஞ்சிவப்புக்கு மெராந்தி அல்லது நியாத்தோ, வெளிர்நிறத்துக்கு ரப்பர் மரம் என்று தொடங்கலாம். இவற்றுள் ரப்பர் மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

பிரேசில் நாட்டுக்குரிய இம்மரத்தின் கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் மலாயாவெங்கும் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்தோரில் பெரும்பகுதியினர் தமிழர். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்த மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வது வழக்கம். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகவே எரிந்தது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் தாக்கும் மரமாதலால் அதனைத் தளவாடத்துக்கு உரியதாக எவரும் கருதவில்லை. அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை ஏற்றிப் பதப்படுத்தும் முறை பரவிய பின்னரே அது தளவாட மரமாயிற்று. இன்று மலேசியத் தளவாடத் தொழிலுக்கு முதன்மையான மரங்களுள் அதுவும் ஒன்று. அத்தொழிற்கூடங்களில் எஞ்சும் கீற்றுகளும் துண்டுகளும் நம் வளையங்களுக்குப் பொருத்தமானவை. ஆனால் பதப்படுத்திய மரமாதலால் அதன் தூசியை மூச்சில் ஏற்கலாகாது. உணவுக் கலமாகவும் அதனைப் பயன்படுத்த வேண்டாம்.

சொற்கள் வாழும் இடம்

தொடக்கத்தில் குறிப்பிட்ட சான்றுக்கு இப்போது வருவோம். தோட்டத்து மக்களிடம் தங்கள் தொழிலுக்குரிய முழுமையான சொற்றொகுதி இருந்தது. மரப்பட்டையைச் சீவும் உளி, பால் வடியும் மங்கு, தோளில் தொங்கும் காண்டா வாளி, மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பால், அன்றன்றைய பால்வெட்டு என்று வைகறை முதல் நண்பகல் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருந்தது. எந்தக் குழுவும் கூடி ஆக்கிய சொற்கள் அல்ல அவை. கைகள் செய்த வேலையில் பிறந்தவை. அவற்றுள் சில பிறமொழியிலிருந்து வந்தவை. ஆயினும் தமிழர் நாவில் தமிழாகவே இயங்கின.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், அச்சொற்கள் என்னவாயின? அவற்றை நாவல்களிலும் சிறுகதைகளிலும் காணலாம். இன்றைய இளைஞர் அவற்றைப் பொருள்விளக்கத்துடன்தான் படிக்கின்றனர். சொற்களை எவரும் தடைசெய்யவில்லை, வெறுக்கவுமில்லை. கருவி கையைவிட்டுப் போயிற்று. சொல்லும் உடன் போயிற்று.

இதிலிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. கலைச்சொல் பட்டியல்களை அச்சிடுவது நற்பணி. ஆனால் அப்பட்டியலில் உள்ள சொல்லை எவரேனும் ஒருவர் கையில் கருவியுடன் மற்றொருவரிடம் சொல்லும் நாளில்தான் அது உயிர்பெறும். தந்தை மகளிடம் "அந்த மூலைமட்டத்தை எடு" என்று சொல்ல, மகள் அதனை எடுத்துத் தருமிடத்தில் ஒரு சொல் காப்பாற்றப்படுகிறது. வீட்டுப் பட்டறை அத்தகைய இடம்.

பட்டறைக்குச் சொல் தேர்வதில் மூன்று நெறிகளை முன்மொழிகிறோம்.

முதலாவது, செயலுக்குத் தமிழ்ச் சொல்லே வேண்டும். அறுத்தல், இழைத்தல், சீவுதல், செதுக்குதல், துளைத்தல், தேய்த்தல், கடைதல், தீட்டுதல் என ஒவ்வொரு செயலையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் வினைகள் நம்மிடம் உள்ளன. இவற்றை விடுத்து எல்லாவற்றையும் 'பண்ணுதல்' என்னும் ஒரே துணைவினையோடு அயற்சொல் சேர்த்துச் சொல்வது மொழிக்கு மட்டுமன்று, தொழிலுக்கும் குறை. இழைப்பதற்கும் சீவுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லால் அறியாதவர் கையாலும் அறிய மாட்டார்.

இரண்டாவது, மரத்தின் பெயர் அது வளரும் மண்ணுக்குரியது. மெர்பாவ், மெராந்தி, செங்கால் என்று மலாய்ப் பெயர்களையே வழங்குவோம். இம்மண்ணின் காடுகளை அறிந்தோர் இட்ட பெயர்கள் அவை. அவற்றைத் தமிழெழுத்தில் எழுதி ஏற்பது நம் மொழிக்கு வளமே.

மூன்றாவது, எந்திர உறுப்புகளின் பெயர் குறுகியதாக இருக்க வேண்டும். ஓடும் எந்திரத்தின் ஓசைக்கு நடுவே சொல்லப்படுவது பட்டறைச் சொல். வட்ட இரம்பத்தை 'மின்விசைச் சுழல்தகட்டு மரமறுப்புப் பொறி' என்று ஒருவர் ஆக்கினால், அச்சொல்லை முடிப்பதற்குள் விரல் போய்விடும். 'சக்' என்பது எங்கும் வழங்கும் ஓரசைச் சொல். அதனை அவ்வாறே வைத்துக்கொள்ளலாம். 'கவ்வி', 'காடி', 'ஆப்பு', 'உளி' என்பன அதனினும் இனிய குறுஞ்சொற்கள். அவை இருக்கும்போது வேறு தேட வேண்டியதில்லை. ஆபத்து நேரத்தில் "நிறுத்து" என்று ஒருவர் கூவினால் பட்டறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் அது விளங்க வேண்டும். சொல் தேர்வில் அதுவே இறுதிச் சோதனை.

தொடங்கும் முறை

பொழிவை நிறைவு செய்யுமுன், இன்று கேட்டவற்றைச் செயலாக்க விரும்புவோர்க்கு ஒரு வரிசையைத் தருகிறோம்.

முதல் திங்களில் கண்காப்பு, மூச்சுக்கவசம், அளவுகோல், மூலைமட்டம், கைரம்பம், சாய்வெட்டுப் பெட்டி, இழைப்புளி, பசை, இரண்டு பட்டைக் கவ்விகள் ஆகியவற்றை வாங்குக. கழிவுக் கீற்றிலிருந்து 12 துண்டுகளை அறுத்து ஒரே ஒரு வளையம் செய்க. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இடைவெளி தெரியாத வளையம் கிடைக்கும் வரை அதனையே மீண்டும் செய்க. அதன்பின் எந்திர இரம்பமும் சறுக்குப் பலகையும் வேண்டுமா என்று முடிவு செய்யலாம். ஐந்து வளையங்களை அடுக்கும் தேர்ச்சி வந்தபிறகே கடைசல் எந்திரம், சாணை, நான்கு உளிகள் ஆகியவற்றுக்குச் செலவிடுக. அதுவரை சமூக மன்றங்களிலோ தொழிற்பயிற்சிக் கூடங்களிலோ உள்ள எந்திரத்தைக் கேட்டுப் பயன்படுத்த வழி உண்டா என்று பார்க்கலாம்.

பட்டறையில் தனியே இருக்க வேண்டாம் என்பது நம் இறுதி வேண்டுகோள். பிள்ளையோ பேரக்குழந்தையோ அடுத்த வீட்டு இளைஞரோ உடன் இருக்கட்டும். கவசம் அணிவித்து அருகில் நிறுத்துங்கள். எடுக்கும் ஒவ்வொரு கருவியின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கையில் இழைப்புளியைக் கொடுத்து, முதல் சீவல் சுருண்டு விழும்போது அதன் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.